வேறு கண்டத்தில் ரெகாட்டா: படகு, பை, காகிதம், காற்று

கரைக்காற்று:
ஐ.எல்.சி.ஏ 7 (பழைய லேசர் ஸ்டாண்டர்ட், ஒருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகு) வகுப்பில், பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் நடக்கும் ஆறு நாள் ரெகாட்டாவுக்கு (பாய்மரப் படகுப் போட்டி) பதிவு செய்தாகிவிட்டது. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. சொந்தப் படகை அனுப்புவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? கையில் என்னென்ன கொண்டுபோக வேண்டும்? எத்தனை நாள் முன்னால் போய் இறங்குவது? விவரமாகச் சொன்னால் இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

வாடைக்காற்று:
ஒரே ஆள், ஒரே படகு என்றால் யோசிக்கவே வேண்டாம். வாடகைப் படகுதான்.

ஐ.எல்.சி.ஏ ஹல் (படகின் உடல்) 4.2 மீட்டர் நீளம், ஏறக்குறைய 59 கிலோ. விமானச் சரக்கில் எடையைவிட அது அடைத்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் கட்டணம் போடுவார்கள், கட்டுப்படியாகாது. அதோடு இந்த வகுப்பில் ஹல், மாஸ்ட் (பாய்மரம்), பூம் (பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் கழி), பாய் எல்லாமே அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரின் ஒரே அளவுப் பொருட்கள். சொந்த ஹல்லைக் கொண்டுபோய்ப் பெரிதாக எதுவும் சாதித்துவிட முடியாது. 470 போன்ற இரட்டையர் படகில் நிலைமை வேறு. அங்கே மாஸ்ட் ரேக் (பின்சாய்வு), ஷ்ரௌடு (மாஸ்ட்டைப் பிடிக்கும் பக்கக் கம்பி) இறுக்கம், ஸ்ப்ரெடர் (அந்தக் கம்பியை விலக்கிப் பிடிக்கும் குறுக்குக் கழி) கோணம் என்று செட்டிங் முழுவதும் அந்தக் குறிப்பிட்ட படகோடு ஒட்டியது.

வாடகைக்கு எடுக்கும்போது அதில் எதெல்லாம் சேர்த்தி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "முழுப் படகு" என்ற சொல்லுக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. ஹல், மாஸ்ட், பூம், டேகர்போர்டு (அடியில் செருகும் பலகை), ரடர் (திசை திருப்பும் சுக்கான்), கரையில் தள்ளும் டாலி இவை பெரும்பாலும் கிடைக்கும். பாய், ஷீட் (பாயை இழுக்கும் கயிறு), கன்ட்ரோல் கயிறுகள், டில்லர் (ரடரைத் திருப்பும் கைப்பிடி), எக்ஸ்டென்ஷன் (அதன் நீட்சிக் கம்பு) இவற்றைப் பெரும்பாலும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். டேமேஜ் டெபாசிட் எவ்வளவு, எந்தச் சேதத்துக்குப் பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், போட்டிக்கு முந்தைய பயிற்சி நாட்களும் வாடகைக்குள் அடங்குமா என்று நான்கையும் கேளுங்கள்.

சுக்கான்:
தனி ஆளுக்கு வாடை சொல்றது சரி. ஆறேழு பேர் ஒரே அணியா போனா கன்டெய்னர் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க.

20 அடி கன்டெய்னரோட உள்ளளவு சுமார் 5.9 மீ. நீளம், 2.35 மீ. அகலம், 2.39 மீ. உயரம். நம்ம படகு அகலம் 1.39 மீ. அதனால படுக்க வெச்சு ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல அடுக்க முடியாது. ஒரு பக்கம் ரேக் போட்டு ஒண்ணுமேல ஒண்ணு, மிச்சமிருக்கற ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியான இடத்துல ஹல்லை விளிம்புல நிறுத்தி வெக்கறதுதான் வழி. மேல் மாஸ்ட் துண்டு மூணரை மீட்டருக்கு மேல வரும், அதுவும் தாராளமா உள்ள போயிடும்.

கெடுதல் நடக்கற இடம் மூணு. முதல்ல, ஹல்லோட எடை கன்வேல் விளிம்புல (ஹல்லும் மேல்தளமும் சேர்ற ஓரம்) தாங்கணும். அடிவயித்துல ஒரே ஒரு பட்டை குடுத்து அடுக்கினா, கப்பல் டெக்ல வெயில் காயற பொட்டிக்குள்ள ஃபைபர் இளகி அந்த இடம் குழிஞ்சுடும். அப்புறம் ஈரம். ராத்திரி குளிர்ல கூரை வேர்த்து சொட்டும், ஈரம் உறிஞ்சற பைகளைத் தொங்கவிடுங்க, ஹல்லோட அடைப்பான்களைத் திறந்து வைங்க. கடைசியா மரம். ரேக்குக்குப் பச்சை மரச்சட்டம் போட்டா ஐ.எஸ்.பி.எம் 15 முத்திரை (பூச்சி நீக்கின மரம்னு காட்டற சர்வதேச அடையாளம்) இருக்கணும், இல்லைன்னா துறைமுகத்துலயே நிக்கும். ப்ளைவுட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வாடைக்காற்று:
கணக்கு சரிதான் சுக்கான். ஆனால் கப்பல் இடையில் வேறு துறைமுகத்தில் பெட்டியை மாற்றும்போது வாரக்கணக்கில் தள்ளிப்போவது சகஜம். போட்டி தேதி நமக்காகக் காத்திருக்காது. திரும்பி வரும் மாதங்களில் பயிற்சிக்குப் படகு இருக்காது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். என் ஓட்டு வாடகைக்கே.

கொண்டல்:
படகுக்கு முன்னால் காகிதம். நோட்டீஸ் ஆஃப் ரேஸை (போட்டி அறிவிப்பு) வரி வரியாகப் படியுங்கள். பலர் பதிவுக் கட்டணப் பகுதியோடு மூடிவைத்துவிடுகிறார்கள்.

அதில் தேட வேண்டியவை: மூன்றாம் நபர் காப்பீட்டுக் குறைந்தபட்சத் தொகை (சான்றிதழில் தொகையும் போட்டி தேதிகளும் தெளிவாக இருக்க வேண்டும், "உலகளாவிய" என்று மேலோட்டமாக இருந்தால் பதிவு மேசையில் திருப்பி அனுப்புவார்கள்), உங்கள் தேசிய சங்க உறுப்பினர் அட்டை, வகுப்புச் சங்க உறுப்பினர் எண், வேர்ல்டு செயிலிங் (பாய்மரப் படகோட்டத்தின் உலக அமைப்பு) தரும் செயிலர் ஐடி, உயிர்காப்பு ஜாக்கெட் தரம். பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ 12402-5 அல்லது அதற்கு இணையானது என்று இருக்கும். லேபிள் கிழிந்துபோன ஜாக்கெட் எவ்வளவு நன்றாக மிதந்தாலும் பரிசோதகர் ஏற்க மாட்டார்.

பாயில் நாட்டு எழுத்துகள் கட்டாயம். இந்த நீளப் படகுக்கு எழுத்து உயரம் குறைந்தது 300 மி.மீ. வலது பக்கத்து எண் இடது பக்கத்து எண்ணுக்கு மேலே வரவேண்டும். வாடகைப் படகில் சொந்தப் பாய் ஏற்றும்போது பாய் எண்ணும் ஹல் எண்ணும் வேறாக இருக்கும். எந்த எண்ணில் பதிவு என்பதை முன்னமே அமைப்பாளரிடம் மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விதிப்புத்தகம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். இப்போது அமலில் இருப்பது 2025–2028 பதிப்பு. எதிர்ப்பு, நிவாரணம் பற்றிய ஐந்தாம் பகுதி இதில் மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. பழைய விதி எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு படிவம் நிரப்பாதீர்கள்.

கரைக்காற்று:
சரி, வாடகைப் படகு என்று முடிவாகிவிட்டது. அப்படியென்றால் விமானத்தில் என்ன கொண்டுபோகலாம், என்ன கூடாது?

பாய்த்தையல்:
பாயிலிருந்து தொடங்குகிறேன். ஐ.எல்.சி.ஏ 7 பாய் 7.06 சதுர மீட்டர். முறைப்படி கீழ்விளிம்புக்கு இணையாகச் சுருட்டினால் பூம் நீளத்துக்கு ஒரு நீளமான குழாய் வரும். பல விமானங்கள் அதை ஏற்காது. ஏற்கும் என்றால் அந்த விமான நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால், பேட்டன்களை (பாயை விறைப்பாக்கும் பட்டைகள்) உருவிவிட்டு, தளர்வாக ஒரே ஒரு மடிப்பு. மடிப்பின் உள்ளே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்தால் துணி முறியாது, வளையும். ஜன்னல் பகுதியில் மடிப்பு விழக்கூடாது, அந்தப் பிளாஸ்டிக் ஒருமுறை வெடித்தால் கதை முடிந்தது. போய் இறங்கிய அன்றே பிரித்துச் சுருட்டிவையுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: மெயின்ஷீட் 13 முதல் 14 மீட்டர், 6 அல்லது 7 மி.மீ., கூடவே மாற்றாக ஒன்று. கன்னிங்ஹாம் (பாயின் முன்விளிம்பை இறுக்குவது), அவுட்ஹால் (கீழ்விளிம்பை இறுக்குவது), வேங் (பூமைக் கீழே இழுப்பது) மூன்றுக்கும் பிளாக்கோடு கோத்த செட். ட்ராவலர் கயிறு (படகின் பின்பக்கம் குறுக்கே கட்டுவது) ஒன்று உபரி. டேகர்போர்டு எலாஸ்டிக், ஹைக்கிங் ஸ்ட்ராப் (படகுக்கு வெளியே சாயும்போது, அதாவது ஹைக் செய்யும்போது, கால் மாட்டும் பட்டை), அதைத் தாங்கும் கயிறு, மாஸ்ட் பிடிப்புக் கயிறு (கவிழ்ந்தால் மாஸ்ட் கழன்று போகாமலிருக்க இது வகுப்பு விதிப்படி கட்டாயம்). டெல்டேல் நூல் (பாயில் காற்றோட்டம் காட்டுவது), மெல்லிய டைனீமா (வலுவான செயற்கை இழைக் கயிறு) ஐந்தாறு மீட்டர், மின்காப்பு டேப், 8 மீட்டர் அளவு டேப், ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், உபரி அடைப்பான், 400 மற்றும் 600 எண் வாட்டர் பேப்பர். டில்லரும் எக்ஸ்டென்ஷனும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கை பழகிய பிடி மாறினால் திரும்புதல் எல்லாமே ஒரு கணம் பிந்தும்.

எடுத்துப்போகவே கூடாதவை: ரெசின், ஹார்ட்னர், அசிட்டோன், ஏரோசல் லூப்ரிகன்ட். பயணப் பையில் கண்டால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். தேவைப்பட்டால் போட்டி நடக்கும் இடத்திலேயே வாங்குங்கள். லித்தியம் பேட்டரி உள்ள காம்பஸ், கைக்கடிகாரம் இவை கைப்பையில்.

கடிகாரம் என்றதும் ஒன்று. இந்த வகுப்பில் டிஜிட்டல் காம்பஸ் காந்தத்தை மட்டும் உணர்வதாக இருக்க வேண்டும். ஜி.பி.எஸ் உள்ள ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்கினால், போட்டி அறிவுறுத்தலில் விசேஷமாக அனுமதி இல்லாதவரை, அது விதிமீறல். பேசாமல் சாதா ஸ்டார்ட் டைமர் ஒன்று போதும்.

கொண்டல்:
மருந்தையும் அதே பட்டியலில் சேருங்கள். வழியில் சளி பிடித்து, அறியாத இடத்தில் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருக்கலாம். போட்டிக் காலத்தில் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம். வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

சுக்கான்:
துணி எடையையும் மறந்துடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணில பழகினவங்க குளிர் கடலுக்குப் போனா பயத்துல ஒண்ணுமேல ஒண்ணா மாட்டிக்கறாங்க. போட்டுக்கிட்டிருக்கற துணி, சாதனம் எல்லாம் சேத்து பொது விதிப்படி 8 கிலோவைத் தாண்டக்கூடாது, வகுப்பு விதியோ நோட்டீஸோ வேற எண் சொன்னா அதான் கணக்கு. காஞ்ச துணிய நிறுக்க மாட்டாங்க. தண்ணில முழுசா ஊறவெச்சு, ரேக்ல போட்டு, ஒரு நிமிஷம் வடியவிட்டு நிறுப்பாங்க. பருத்தி பனியன் ஒண்ணு உள்ள இருந்தாலே முள்ளு எகிறிடும்.

வாடைக்காற்று:
வாடகைப் படகு கைக்கு வந்ததும் செய்ய வேண்டியதைத் தனியாக எழுதுகிறேன். பயிற்சியைவிட முதல் நாளை இதற்கு ஒதுக்குவதுதான் லாபம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹல்லைச் சுற்றிப் படம் எடுங்கள். அணியம் (முன்முனை), கன்வேல், ட்ரான்சம் (பின்சுவர்) மூலைகள், டேகர்போர்டு பொந்தின் உதடு, மாஸ்ட் குழியின் வாய். ஒவ்வொரு கீறலையும் ஒப்படைப்புப் படிவத்தில் எழுதவையுங்கள். கடைசி நாளில் டெபாசிட் சண்டை வருவது இந்தப் படிவம் வெறுமையாக இருப்பதால்தான்.

அடுத்து மாஸ்ட் குழி. அதில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடியில் கசிவு இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஹல்லுக்குள் போகிறது என்று பொருள். படகு நாளுக்கு நாள் கனக்கும், பலத்த காற்றில் அந்த இணைப்பே பிய்ந்துகொண்டு வரலாம். உடனே வேறு ஹல் கேளுங்கள். "இதெல்லாம் சாதாரணம்" என்று சொன்னால் விடாதீர்கள். குழியின் அடியில் மணல் இருந்தால் கழுவுங்கள், மாஸ்ட் சுழலும்போது அந்த மணல்தான் ஃபைபரை அரைக்கிறது.

ரடர்: ஹெட் போல்ட்டை இறுக்குங்கள். ரடரை முழுவதும் இறக்கி, ஹல்லின் அடிப்பாகத்துக்கும் ரடரின் முன்விளிம்புக்கும் உள்ள கோணத்தைப் பாருங்கள். விதி அனுமதிப்பது 78 டிகிரி. ரடர் முழுவதும் இறங்காமல் பின்னால் சாய்ந்து நின்றால் கை கனக்கும், காற்றுக்கு ஏறும்போது தோள் வலிக்கும், வேகமும் போகும். ட்ரான்சத்தில் ரடரை மாட்டும் கஜன்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள், திருகு ஆடினால் சொல்லி மாற்றிவிடுங்கள்.

மாஸ்ட்: துண்டுகளைச் சமதளத்தில் உருட்டுங்கள். குதித்துக் குதித்து உருண்டால் வளைந்திருக்கிறது. நிரந்தர வளைவு விழுந்த மாஸ்ட்டை இந்த வகுப்பில் பயன்படுத்தவே கூடாது. அலுமினிய மேல்துண்டாக இருந்தால் காலர் பக்கத்து ரிவெட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்.

ரிக் செய்தபின் மாஸ்ட் உச்சியிலிருந்து ட்ரான்சம் நடு வரை டேப் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மாஸ்ட் குழி படகுக்குப் படகு சற்று மாறும். வீட்டுப் படகில் இந்த அளவு தெரிந்தால், இந்த ஹல்லில் ரேக் கூடுதலா குறைவா என்று தெரிந்துவிடும். வேங் கயிற்றில் போட்டிருக்கும் பழைய குறிகளை அப்படியே நம்ப வேண்டாம். மெயின்ஷீட்டைப் பிளாக்கோடு பிளாக் முட்டும்வரை இழுத்து, வேங்கில் உள்ள தளர்வை எடுத்து, புதுக் குறி போடுங்கள்.

பாய்த்தையல்:
ஒரு சின்னச் சேர்க்கை. முதல் முறை கடலுக்குப் போய் வந்ததும் ட்ரான்சம் அடைப்பானைத் திறந்து பின்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். சில துளிகள் என்றால் பரவாயில்லை. டம்ளர் கணக்கில் வந்தால் பெய்லரைச் (உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் வால்வு) சுற்றியோ, டெக் ஃபிட்டிங் திருகுத் துளையிலோ கசிவு.

கரைக்காற்று:
காற்றைப் பற்றிச் சொல்லுங்கள். அரைக்கோளம் மாறுவதால் என்ன வித்தியாசம்?

நீவாடு:
வித்தியாசம் நிறைய. முதலில் காம்பஸ். காந்த ஊசி பூமியின் காந்தப் புலத்தோடு மேலும் கீழும் சாயும். அதைச் சமன் செய்ய, விற்கப்படும் மண்டலத்துக்கு ஏற்ற எடையை அட்டையில் வைத்திருப்பார்கள். வட அரைக்கோளத்துக்குச் சமன்செய்த திரவக் காம்பஸைத் தெற்கே ஆழமாகக் கொண்டுபோனால் அட்டை ஒரு பக்கம் சாய்ந்து உரசும், படகு சாயும்போது சிக்கிக்கொள்ளும். எந்த மண்டலத்துக்கு உரியது என்று வாங்கும்போதே கேளுங்கள். டிஜிட்டலாக இருந்தால் அங்கே போய் மறுபடி காலிபரேட் செய்யுங்கள்.

அடுத்து கடற்காற்று. வட அரைக்கோளத்தில் அது பகல் ஏற ஏற வலப்பக்கமாக, கடிகார முள் திசையில் திரும்பும். தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாக. பலவருடப் பழக்கத்தில் "மதியத்துக்குமேல் வலப்பக்கம் போ" என்று கால் தானாக ஓடும். அங்கே அதுவே தோற்கடிக்கும். காற்று வீச்சுகளும் அப்படித்தான். மேலேயிருந்து இறங்கும் பலமான வீச்சு வடக்கே பெரும்பாலும் வலம், தெற்கே இடம். மலையோ தீவோ பக்கத்தில் இருந்தால் இந்தப் பொதுக்கணக்கு செல்லாது, அங்கே கிடைக்கும் பதிவுதான் பேசும்.

பதிவு எப்படி என்றால்: இரண்டு டேக்கிலும் (காற்று வலப்பக்கமிருந்து வரும் ஓட்டம், இடப்பக்கமிருந்து வரும் ஓட்டம்) காற்றை நெருக்கி ஓட்டிய திசையை ஈர எழுதுபலகையில் குறியுங்கள். வலக்காற்று டேக்கில் 040, இடக்காற்று டேக்கில் 130 என்றால் காற்று 085. பிறகு வலக்காற்று டேக்கில் 050 காட்டினால் காற்று வலப்பக்கம் 10 டிகிரி திரும்பியிருக்கிறது, அந்த டேக்குக்கு லிஃப்ட் (சாதகமான திருப்பம்). பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தால் காற்று ஊஞ்சலாடுகிறதா, ஒரே பக்கம் நகர்கிறதா என்று முதல் சைகைக்கு முன்பே தெரிந்துவிடும்.

நீரோட்டத்துக்கு, ஏறக்குறைய முழுவதும் நிரப்பிய பாட்டில் ஒன்றை மிதவைக் கயிற்றின் பக்கத்தில் விடுங்கள். பாதி காலியாக இருந்தால் காற்றுதான் அதைத் தள்ளும். ஒரு நிமிடத்தில் 30 மீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய 1 நாட். பாட்டிலை எடுக்காமல் வந்துவிடாதீர்கள், கடலில் குப்பை போடுவது விதிமீறல். ஓத அட்டவணை கோடைக்கால நேரத்தில் போட்டதா என்றும் பாருங்கள். அந்த ஒரு மணி நேரப் பிழையில் ஓட்டத்தின் திசையே மாறிப்போகும்.

கொண்டல்:
தண்ணீரில் மதிப்பெண் போவது பெரும்பாலும் ஸ்டார்ட்டில். பெரிய கூட்டத்தில் மறு ஸ்டார்ட் வந்துகொண்டே இருக்கும், அப்போது போட்டிக் குழு யு கொடிக்கு, பிறகு கறுப்புக் கொடிக்குப் போகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். யு கொடியில், கடைசி ஒரு நிமிடத்தில் ஸ்டார்ட் கோடும் முதல் மிதவையும் சேர்ந்த முக்கோணத்துக்குள் ஹல்லின் எந்தப் பாகம் இருந்தாலும் விசாரணையின்றி நீக்கம். ஆனால் பொது மறு அழைப்பு வந்தால் அது அழிந்துவிடும், நீங்கள் திரும்ப ஓடலாம். கறுப்புக் கொடியில் மறு அழைப்பு வந்தாலும் நீக்கம் நிற்கும். மறுபடி ஓடினால் அந்த மதிப்பெண்ணை மோசமான ஓட்டம் என்று மொத்தத்திலிருந்து கழிக்கவும் முடியாது. அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் ஓடி இப்படி மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வொரு பெரிய போட்டியிலும் உண்டு.

விதி 42ஐப் (உடலையோ பாயையோ ஆட்டிப் படகைத் தள்ளக்கூடாது என்பது) பார்த்துக்கொள்ள நடுவர் படகுகள் சுற்றும். மஞ்சள் கொடி காட்டி, விசில் ஊதி, பாய் எண் சொன்னால் தண்டனையாக உடனே படகை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். இரண்டாம் முறை என்றால் அந்த ஓட்டத்திலிருந்து விலக வேண்டும். சில போட்டிகளில் இதை அறிவுறுத்தல் மாற்றி எழுதும், அதையும் படியுங்கள். மேல்காற்று ஓட்டம் தவிர்த்த கட்டங்களில், சர்ஃப் (அலைமேல் சறுக்குவது) அல்லது பிளேன் (நீர்மேல் வழுக்கி ஓடுவது) தொடங்க ஓர் அலைக்கோ ஒரு வீச்சுக்கோ ஒருமுறை மட்டுமே பாயை இழுக்கலாம்.

எதிர்ப்புத் தெரிவிக்க, 6 மீட்டருக்குக் குறைவான படகுக்குச் சிவப்புக் கொடி தேவையில்லை. ஆனால் "ப்ரொட்டெஸ்ட்" என்று சம்பவம் நடந்த கணமே கத்தியிருக்க வேண்டும். கரைக்கு வந்தபின் எவ்வளவு நேரத்துக்குள் படிவம் தரவேண்டும் என்பது அறிவுறுத்தலில் இருக்கும், பொதுவிதியின் இரண்டு மணி நேரத்தைவிடக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும்.

கடலுக்குப் போகுமுன் அடையாள வில்லை எடுப்பது, வந்ததும் கையெழுத்திடுவது என்று ஓர் ஏற்பாடு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். எட்டாம் இடத்துக்கு உழைத்து, கையெழுத்து போடாமல் தண்டனைப் புள்ளி வாங்குவதைவிட எரிச்சல் வேறில்லை.

சுக்கான்:
எத்தனை நாள் முன்னாடி போறதுன்னு கேட்டாரே. நேர மண்டலம் ஒண்ணுக்கு ஒரு நாள்னு வழக்கமா சொல்வாங்க. அதைவிட முக்கியம், போய் ரெண்டாம் நாளே ஆறு மணி நேரம் ஹைக் அடிக்காதீங்க. தொடை போயிடும்.

வாடைக்காற்று:
நான் இன்னும் கறாராகச் சொல்வேன். எட்டு நாள் முன்னால் போவதாக இருந்தால் முதல் நாள் படகு வேலை, அடுத்த நான்கு நாள் காற்று உச்சமாகும் நேரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் மட்டும், கடைசி நாட்களில் பரிசோதனையும் பயிற்சி ஓட்டமும் போதும். போட்டிக்கு முந்தைய நாள் முழு ஓய்வு. புதுச் செட்டிங் தேடும் இடம் அதுவல்ல.

நீவாடு:
இரண்டு மணி நேரம் போதாது. கடற்காற்று எழும்புவதையும் அடங்குவதையும் பார்க்காமல் இடத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. ஓட்ட வேண்டாம், கோச் படகில் உட்கார்ந்து பதிவெடுங்கள். தொடைக்கும் ஓய்வு.

கரைக்காற்று:
கார்னே (பொருளைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய்த் திரும்ப உதவும் சுங்க ஆவணம்) பற்றி யாரும் சொல்லவில்லை. பாயும் கருவிகளும் மட்டும் கொண்டுபோனால் தேவையா?

கொண்டல்:
பயணப் பையில் போகும் சொந்த உபயோகப் பொருளுக்குப் பல நாடுகளில் தேவைப்படாது. போகும் நாட்டின் சுங்க இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். புதுப் பாய் உறை பிரிக்காமல் இருந்தால் விற்பனைக்கு என்று சந்தேகப்படுவார்கள், எண் ஒட்டிக் கொண்டுபோங்கள்.

சுக்கான் சொன்ன கன்டெய்னர் வழி என்றால், அந்த நாடு ஏற்கும் பட்சத்தில் ஏ.டி.ஏ கார்னே எடுப்பது நல்லது. அதிகபட்சம் ஓர் ஆண்டு செல்லும். பட்டியலில் ஹல் எண், பாய் எண், எடை, மதிப்பு எல்லாம் இருக்க வேண்டும். வழங்கியபின் ஒரு பொருளைக்கூடச் சேர்க்க முடியாது. டேப், வாட்டர் பேப்பர் போன்ற தீர்ந்துபோகும் பொருட்களை அதில் எழுதாதீர்கள். புறப்படும்போது, அங்கே நுழையும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, திரும்பி வந்து சேரும்போது என நான்கு முத்திரை. மூன்றாவதுதான் தவறும். பரிசளிப்பு முடிந்த அவசரத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு வந்துவிடுவார்கள், பொருள் அங்கேயே விற்கப்பட்டதாகக் கொண்டு சில மாதம் கழித்து வரியும் அபராதமும் கேட்டுக் கடிதம் வரும். விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால் பையை செக்-இன் செய்வதற்கு முன்பே சுங்க மேசைக்குப் போங்கள். பை உள்ளே போனபின் பொருளைக் காட்டாமல் முத்திரை கிடைக்காது.